கூரைக் கண்ணாடியை உடைத்தது நான்தான்

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் பெயரால்.

அல்ஜியர்ஸில் துணிக்கடையில் இருக்கும் என் மகன் ஹம்முவுக்குக் கர்தாயாவிலிருந்து உன் தாய் மென்னா எழுதுவது. உன்மேல் சாந்தி உண்டாகட்டும். பெண்கள் ஓதும் இடத்தில் இரண்டு குளிர்காலம் படித்த எழுத்துதான் என்னுடையது. கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துப் படி. போனில் சொன்னால் நீ பாதியில் கத்துவாய். கடிதத்தைப் பார்த்துக் கத்த முடியாது.

ஆடு குட்டி போட்டிருக்கிறது. பேரீச்சம்பழம் இந்த வருஷம் பரவாயில்லை. உன் கடைக்கும் ஊருக்கும் போய்வரும் ஐசாவின் கையில் கடிதத்தோடு ஒரு பை கொடுத்திருக்கிறேன், எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள். என் கல்யாணத்தில் என் தட்டில் மட்டும் வெறும் எலும்பை வைத்தவனுடைய மகன்தானே அவன்.

நீ சொல்லி அனுப்பியதை ஐசா ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். "அம்மாவுக்கு வயசாச்சு, புத்தி தடுமாறுது. வெள்ளிக்கிழமை கொத்தனாரோட வர்றேன், இன்னும் கனமான கண்ணாடியா போட்டுடறேன். பிடிக்கலைன்னா சின்னம்மா வீட்ல போய் இருக்கட்டும்" என்றாயாம். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன்.

ஆமாம், உடைத்தேன். மசாலா இடிக்கும் கல்லுலக்கையால், செவ்வாய்க்கிழமை, விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு முன்னால். என் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன்மேல் பாதிக் குற்றம்தான். பன்னிரண்டு வயதில் உன் அப்பாவோடு வடக்கே கடைக்குப் போனவன் நீ. பெருநாளுக்கும் பழம் வெட்டுக்கும் விருந்தாளிபோல் வந்து போகிறாய். இந்த ஊர் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான், தன் வீடு எப்படி மூச்சு விடுகிறது என்று தெரியாது. நடுக்கூடத்தின் மேலே கம்பி போட்ட அந்தத் திறப்பைப் பார்த்து, "வெளிச்சத்துக்குத்தானேம்மா ஓட்டை? கண்ணாடியிலயும் வெளிச்சம் வருமே, மண்ணு விழாது, குளிரும் இறங்காது" என்றாய். சிமெண்டு வைத்துப் பூசிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். ஷாஷாவும் சிரித்தாள். "மாமிக்கு வானத்தோட பேசாம தூக்கம் வராது" என்றாள் உன் பெண்டாட்டி.

வெளிச்சம் அந்தத் திறப்பில் ஓசியில் வருவது. அது காற்றுக்காக வைத்தது. சூடு தரையில் உட்காராது, மேலே ஏறும். ரொட்டியின் ஆவி, கணப்பின் புகை, நாம் விட்ட மூச்சு, எல்லாம் அதோடு ஏறி அந்த வழியாகப் போகும். போன இடத்தை நிரப்ப வாசல் கதவின் அடியிலிருந்து புதுக்காற்று வரும். கோடையில் விடிந்ததும் அதைப் பாயால் மூடுவோம், வெயில் இறங்காமல். பொழுது சாய்ந்ததும் திறப்போம், பகல் முழுக்கச் சுவர் குடித்த சூடு ஏறிப் போக. பனிக்காலத்தில் பாதி மூடுவோமே தவிர முழுதும் மூட மாட்டோம். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. தினமும் ஏறி இறங்கிய முழங்காலுக்குத் தெரியும்.

நீ பூசிவிட்டுப் போன மறுவாரமே சுவர் வியர்த்தது. சாம்பிராணி போட்டேன், புகை மேலே போகாமல் தலைமட்டத்தில் தொங்கியது. நீ வாங்கி வைத்த புது கேஸ் கணப்புக்குப் புகைக்குழாய் எங்கே என்று அன்றைக்கே கேட்டேன். "இதுக்குப் புகையே கிடையாதும்மா, எதுக்குக் குழாய்?" என்றாய். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?

ஷாஷாவுக்குத் தினமும் தலைவலி, வாந்தி. பிள்ளை பெற்ற உடம்பு, நாற்பது நாள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள் வந்தவர்கள் எல்லாம். கடைத்தெருவில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனால் மட்டும் தலைவலி நின்றுவிடும். "மாமி முகத்தைப் பார்த்தாத்தான் வலிக்குது" என்று அங்கே சொல்லியிருக்கிறாள். அதுவும் என் காதுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை விடியலில் நான் வாசலறையிலிருந்து எழுந்து கூடத்துக்கு வந்து அவளைக் கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. பக்கத்தில் குழந்தை பாயா. உன் மகளின் கன்னம் மாதுளம்பழம்போல் சிவந்திருந்தது. யாராவது பார்த்தால் என்ன அழகு என்பார்கள். அந்தச் சிவப்பை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், ஹம்மு.

பிள்ளையைத் தூக்கி வாசலில் கிடத்தினேன். ஷாஷாவைப் பாயோடு இழுத்தேன். கணப்பை அணைத்தேன். உலக்கையோடு மாடிக்கு ஏறினேன். மூன்றாவது அடியில் உடைந்தது. உள்ளேயிருந்து ஒரு வெந்த மூச்சு என் முகத்தில் அடித்தது. கீழே வந்தபோது பாயா அழுதாள். அந்த அழுகை மாதிரி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. வெகுநேரம் கழித்து ஷாஷா வாந்தி எடுத்து, கண்ணைத் திறந்து, முதலில் பார்த்தது கண்ணாடிச் சில்லுகளைத்தான். "கிழவி பழிதீர்த்துட்டா!" என்று கத்தினாள். குரல் வந்ததே என்று இருந்தது எனக்கு.

இனி எழுதப்போவதை உன் அப்பாவுக்கும் நான் சொன்னதில்லை.

உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். பெயர் ஸெத்தி. இருபத்திரண்டு நாள் இருந்தாள். நாங்கள் கரிக் கணப்பு வைத்திருந்தோம். கூரைத் திறப்பை யாரோ கம்பளத்தால் மூடியிருந்தார்கள். மூடியது உன் பாட்டி என்று ஊரே அறியும், அவளே சொன்னாள். "எம் மருமவ குளிர்ல நடுங்கினா, நான்தான் மூடினேன்" என்று வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னாள். ஐம்பத்திரண்டு வருஷமாக அவளை நான் மன்னிக்கவில்லை. அவள் சாகக் கிடந்தபோதுகூட என் கையால் தண்ணீர் கொடுக்கவில்லை. உனக்குக்கூட அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லித்தான் வளர்த்தேன்.

அவள் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை, மகனே. வேறொரு வீட்டில் இறந்துபோனவளின் மையித்தைக் குளிப்பாட்டப் போயிருந்தாள். போகும்போது, "எவ்வளவு குளிர்னாலும் மேல மூடிடாதேடி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்குக் குளிர்ந்தது. பதினாறு வயது. நானே ஏறி நானே இழுத்து மூடினேன். காலையில் வந்து பார்த்தவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பளத்தைச் சுருட்டி எடுத்தாள், பழியையும் எடுத்துக்கொண்டாள். அந்தக் கடனைச் சுமக்க முடியாமல்தான் நான் அவளை வெறுத்தேன்.

செவ்வாய்க்கிழமை வாசல் கதவின் அடியில் ஒரு பழைய துணி திணித்திருந்தது. குளிருக்கு ஷாஷா திணித்தது. அதை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டேன். நீ அவளிடம் அதைப் பற்றிக் கேட்காதே. கணப்பை நான் தொடவிடவில்லை, நாற்பது நாள் முடிந்ததும் சொல்ல வேண்டியதை நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரை கிழவி வன்மத்தில் உடைத்தாள் என்றே அவள் நினைக்கட்டும். திட்டட்டும். திட்டுவதற்கு மூச்சு வேண்டும்.

வெள்ளிக்கிழமை வா. கொத்தனாரையும் கூட்டி வா, கணப்புக்குக் குழாய் போடட்டும். என்னைச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்புவதானால் அனுப்பு, மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். மேலே மட்டும் கை வைக்காதே. இந்தக் கையால்தான் மூடினேன் என்று வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கை உனக்கு வேண்டாம்.

உன் பாட்டிக்காக ஒரு ஃபாத்திஹா ஓது. என்னால் இன்னும் முடியவில்லை.

அல்லாஹ் உன் கடைக்கு பரக்கத்தையும், உன் வீட்டுக்குக் காற்றையும், உன் மகளுக்கு நீண்ட மூச்சையும் தரட்டும்.

உன் தாய்,
மென்னா