சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு பேர்

மார்ச் 3, திங்கள்
மகளைப் பார்க்க விமானம் ஏறி வந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்று அரைப் பக்கம் எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. அறுபத்தொன்பது வயதில் எழுத்துப் படித்தவனுக்கு இந்த வேகம் போதும்.

பக்கத்து வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள். யாரையும் பார்க்கவில்லை, காதால் எண்ணினேன். வயலின்காரன் கோபக்காரன். புல்லாங்குழல்காரன் சோம்பேறி, பாதியில் நிறுத்திவிடுவான். ஆர்மோனியக்காரன் குண்டாக இருக்க வேண்டும், மூச்சு வாங்குகிறது. மேளக்காரன்தான் கெட்டிக்காரன். எந்த ஊர்ப் பாட்டோ, காலைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

மார்ச் 4
நால்வரும் சேர்ந்து வாசிப்பதே இல்லை. ஒருவன் முடித்தால்தான் இன்னொருவன். அண்ணன் தம்பிகளாக இருப்பார்கள்.

மார்ச் 6, வியாழன்
மகள் வேலைக்குப் போன பிறகு, நான்கு டம்ளர் தேநீரைத் தட்டில் வைத்து எடுத்துப் போய்க் கதவைத் தட்டினேன். பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண் திறந்தாள். ஐம்பது வயது இருக்கும். நான் நான்கு விரலைக் காட்டி, வாசிப்பதுபோல் கையை ஆட்டினேன். அவள் சிரித்துவிட்டு ஒரு விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள். நான் நம்பவில்லை. உள்ளே அழைத்துப் போனாள். கட்டில்மேல் நான்கும் இருந்தன. ஆர்மோனியம் என்று நான் நினைத்தது, மார்பில் மாட்டி விரித்து மூடும் பெட்டி. ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். கோபக்காரன், சோம்பேறி, குண்டன், கெட்டிக்காரன், நான்கு பேரும் இவள் ஒருத்தியே! தேநீரில் அவளுக்கு இரண்டு, எனக்கு இரண்டு.

சாயங்காலம் மகளையும் கூட்டிப் போனேன். அவள் சொன்னதை மகள் சொன்னாள்: "அவங்க ஊர்ப் பாட்டுக்கு நாலு பேர் வேணுமாம்ப்பா. 'பொழைக்க வந்தது நான் ஒருத்தி, மீதி மூணு பேருக்கு எங்க போறது'ங்கறாங்க."

மகள் இங்கே நான்கு வருஷமாக இருக்கிறாள். ஆனால் கண்டுபிடித்தவன் நான்.

மார்ச் 8, சனி
லிப்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மகள் படித்துச் சொன்னாள். பக்கத்து வீட்டில் இந்த மாதத்தோடு வாத்தியத்தை நிறுத்த வேண்டுமாம். மீறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். யார் புகார் கொடுத்தது என்றேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை! வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். "மீட்டிங்ல பேசிட்டிருந்தா, 'உங்க வீட்ல கல்யாணமா'ன்னு மேனேஜர் கேக்கறார் மாமா. நான் என்ன பண்ண?" அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் — அந்தப் பொம்பள வாத்தியத்த எல்லாம் எங்க கொண்டு போவா? பொண்ணு குடுத்த வீட்ல வந்து உக்காந்துக்கிட்டு நான் எந்த வாயால பேசறது?

மார்ச் 9
பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. அவளும் காகிதத்தைப் பார்த்துவிட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்
நாற்பது வருஷம் கொத்தனாராக இருந்தவன், மூன்று நாளாக ஆட்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரை நினைக்கவில்லை. காலையில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். எல்லா இடமும் கெட்டி. அப்போது அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சுவர் வழியாக இல்லை, தலைக்கு மேலிருந்து! நாற்காலி போட்டு ஏறி, கூரைக்குக் கீழே தொங்கவிட்டிருக்கும் பலகைகளில் ஒன்றைத் தூக்கினேன்.

"மாமா! எறங்குங்க. இடுப்பு ஒடஞ்சா உங்க பொண்ணுக்கு யார் பதில் சொல்றது?"

"நீங்க ஏறிப் பாருங்க மாப்பிள்ளை. நான் பிடிச்சுக்கறேன்."

ஏறினார். சுவர் மேல்தளத்தைத் தொடவே இல்லை. ஒன்றரைச் சாண் இடைவெளி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. பலகை மறைத்துவிடும், எவன் பார்க்கப் போகிறான் என்று கட்டினவன் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மாப்பிள்ளை வெகுநேரம் இறங்கவில்லை.

"அவங்க வீட்டு லைட் தெரியுது மாமா."

மார்ச் 12
மாப்பிள்ளை புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கடிதம் எழுதினார். குற்றம் வாசிப்பவர்மேல் இல்லை, சுவர்மேல். அடியில், 'கண்டுபிடித்தவர்: என் மாமனார், கொத்தனார்' என்று எழுதிப் பேனாவை என்னிடம் நீட்டினார். போன வருஷம் வரை நான் கைநாட்டு. என் பெயரின் ஏழு எழுத்தையும் நிறுத்தி நிதானமாகப் போட்டேன். கட்டடப் பொறுப்பாளர் இது என்ன மொழி என்று கேட்டாராம். "எங்க மாமாவோட மொழி" என்றாராம் மாப்பிள்ளை. மகள் இதை மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

மார்ச் 19, புதன்
இரண்டு வேலையாட்கள் வந்து அடைத்தார்கள். இரண்டு பலகை, நடுவில் பஞ்சு. மூலையில் விரல் நுழையும் ஓட்டையை விட்டுவிட்டு ஏணியை மடிக்கப் பார்த்தார்கள். நான் ஏணியை விடவில்லை. 'ஏறு' என்பதைக் கையால் சொல்ல எனக்குத் தெரியாதா? முனகிக்கொண்டே ஏறினார்கள். இறங்கியதும் மூத்தவன் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனான்.

மார்ச் 20
லிப்டில் காகிதம் இல்லை. அவள் திரும்ப வாசிக்கிறாள் என்று, அவள் வீட்டு வாசலைத் தாண்டி வந்த மகள் சொன்னாள். சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படிதான்.

மார்ச் 21, வெள்ளி
நான்கு மணிக்கு அவள் வீட்டுக்கே போனேன். எனக்கு நாற்காலி போட்டுவிட்டுக் குழலை எடுத்தாள். பாதிப் பாட்டில் வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. மாப்பிள்ளை.

"அங்க உக்காந்தா ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது மாமா. அதான்…"

அவள் வாசிப்பதை நிறுத்தாமலே, காலால் இன்னொரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.