கோபமில்லாத முகங்கள்

மார்ச் 4
மகன் பட்டாளத்திலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்று மருமகள் குழந்தையோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நேற்று பக்கத்து வீட்டில் யாரோ கதவை அறைந்து சாத்த, குண்டுச் சத்தமென்று நினைத்து இவன் குழந்தையை இழுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். பிள்ளைக்கு நெற்றி வீங்கிவிட்டது. "அவரு தேறட்டும் மாமா, வர்றேன். தினம் பயந்துக்கிட்டு இருக்க முடியல" என்றாள். தப்பில்லை. தடுத்திருக்க வேண்டுமோ?

மார்ச் 9
மருத்துவமனை. மனநல மருத்துவர் திரையில் முகங்களைக் காட்டினார். கோபமான முகம் எது, சும்மா இருக்கும் முகம் எது என்று சொல்ல வேண்டும். சும்மா இருந்தவற்றில் பாதிக்கு மேல் கோபம் என்றான். "அங்க உங்க உயிரக் காப்பாத்துன பழக்கம் இது. போன்னா உடனே போகாது" என்றார் அந்த டாக்டரம்மா. வெளியே வந்ததும், "பரீட்சையில பெயிலாப்பா?" என்றான். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

மார்ச் 10
மழை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். சும்மாதான் இருந்தது.

மார்ச் 13
கேட்டேவிட்டான். "என்மேல என்னப்பா கோபம்? வந்ததுலேர்ந்து மூஞ்சிய உம்முன்னு வெச்சிருக்கீங்க."
கோபமா! எனக்கா! அவனுக்கு அதிர்ச்சி கூடாதென்று அடிச்சத்தம் கேட்காமல் நடந்தேன், பேச்சைக் குறைத்தேன், முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்தேன். ஒருநாள்கூடப் பிசகவில்லை.
"சத்தமில்லாம பின்னால வந்து நிக்கிறீங்க. அங்க அப்படி வர்றவன் யாரு தெரியுமா?"
நல்லது செய்யப் போய் இப்படி — படித்த நான் செய்கிற காரியமா இது?
"பயம்டா" என்றேன்.
"என்னப் பார்த்தா?"
"உனக்கு என்ன ஆயிடுமோன்னு."
கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தான். "பயந்தா இப்படியா இருக்கும் உங்க மூஞ்சி?"

மார்ச் 21
வீட்டுக்குள் செருப்போடு நடக்கிறேன். அவன் அறைக்கு வெளியே நின்று இருமுகிறேன். "அப்பாவுக்குக் காசநோய்னு தெருவே பேசப்போகுது" என்கிறான். முகம் புரியாவிட்டால் வாயால் கேட்டுவிடுவது என்று ஏற்பாடு. காலையில் "கோபமா?" என்றான். பல்வலி என்றேன்.

ஏப்ரல் 6
கதவுச் சத்தத்துக்கு இன்னும் துள்ளித்தான் எழுகிறான். மதியம் மருமகளுக்குப் போன் போட்டான். மணி அடித்து ஓய்ந்தது. போன மாதமாக இருந்தால், 'வேணும்னே எடுக்கல, என்ன வெட்டி விட்டுட்டா' என்று சுவரைக் குத்தியிருப்பான்.
"புள்ளையக் குளிப்பாட்டிட்டு இருப்பா" என்று சொல்லிவிட்டு, தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.
எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் எடுக்கவில்லை?