பெருமாள் முன் வைத்த பாட்டில்

ஸ்ரீரங்கம்
12 ஜூன் 2024

அண்ணா,

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறாளே என்று பயப்படாதே. மூன்றாவது கீமோவுக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துக்கிடக்கின்றன. "தினமும் கையால எழுதுங்க" என்றாள் பிசியோதெரபி பெண். எழுத ஆள் வேண்டுமே, நீ மாட்டினாய். பதிலும் கையால்தான் வர வேண்டும்.

நீ அனுப்பிய பச்சைத் தேயிலை மாத்திரை வந்தது. ஒன்றில் பத்துக் கோப்பை டீயின் சத்தாம். அம்மா அதைப் பெருமாள் முன்னால் படைத்துக் கண்டருளப்பண்ணி, துளசித் தீர்த்தத்தோடு இரண்டு வேளையும் தருகிறாள். "பிரசாதம்டி, பல்லுல படாம முழுங்கு."

மருந்து ஏறும்போது பக்கத்து நாற்காலியில் எப்போதும் வேணி. மணப்பாறையில் முறுக்குச் சுடுகிறவள். எனக்கு இருக்கும் அதே நோய். அம்மா அவளுக்கும் ஒரு பாட்டில் கொடுத்தாள். பிரசாதத்தைத் தனியாகச் சாப்பிடுவார்களா?

ஒன்று சொல்லட்டுமா? கையில் ஏறுவது வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது. உள்ளே போய், வேகமாகப் பெருகுகிற செல்லாகத் தேடித் தேடி அடிக்கிறது. முடிக்கும் கட்டிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. முட்டாள் மருந்து, ஆனால் பிரமாதமான மருந்து. கட்டி பாதியாகிவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜானு

ஸ்ரீ:

சிங்கப்பூர்
24 ஜூன் 2024

அருமை ஜானுவுக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. முழுவதும் படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எழுத்தால் அல்ல.

மாத்திரையை விடாதே. மஞ்சள்கிழங்கு மாத்திரையும் அனுப்பியிருக்கிறேன், அதையும் சேர்த்துக்கொள். டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்காதே, நிறுத்தச் சொல்வார்கள். அவர்களுக்கு அவர்கள் எழுதித் தருவதுதான் மருந்து. அப்பாவை என்ன செய்தார்கள்? நான் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. இந்த முறை நான் சும்மா இருக்க மாட்டேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

லக்ஷ்மிகாந்த்

ஸ்ரீரங்கம்
6 ஜூலை 2024

அண்ணா,

நாலாவது கீமோ நடக்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு இருக்க வேண்டியதைப் போல் ஆறு மடங்கு. "இப்ப மருந்து ஏத்துனா ஈரல் தாங்காது" என்று அனுப்பிவிட்டார்கள். மருந்துதான் நின்றது. கட்டி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

"வேற மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று நர்ஸ் ஒவ்வொரு முறையும் கேட்பாள். இல்லை என்பேன். உன் பேச்சைக் கேட்டுப் பொய் சொல்லவில்லை. பெருமாள் முன்னால் வைத்ததும் எனக்கு அது மாத்திரையாகவே தோன்றவில்லை. எம்.எஸ்ஸி. வேதியியல் படித்த எனக்கு! வேணிதான் போட்டு உடைத்தாள். அவளுக்கும் ஈரல் கணக்கு ஏறியிருந்தது. "இவங்க அம்மா குடுத்த பிரசாதந்தாங்க, பச்சைக் கலர்ல இருக்குமே." நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். நிறுத்திப் பாப்போம்" என்றார் டாக்டர். எனக்கு ஈரலைப் படம் வரைந்து இங்கிலீஷில் விளக்கினார். வேணிக்கு, "கண்டதையும் திங்காதே." அவ்வளவுதான். கொடுத்தது நாங்கள், திட்டு அவளுக்கு. முறுக்குச் சுடுகிறவளுக்கு ஈரல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவளுக்கு நானே சொன்னேன், நடந்தது எங்கள் தப்பு என்பதையும் சேர்த்து.

உன் பாட்டிலின் முன்பக்கம் 'இயற்கை' என்று யானை அளவில் போட்டிருக்கிறான். பின்பக்கம் எறும்பு அளவில் ஈரலைப் பற்றி எச்சரிக்கை. பயந்தவர்களை வைத்துப் பிழைக்கிற கூட்டம். நீ பயந்தாய், வாங்கினாய். இனி எதையும் அனுப்பாதே.

ஜானு

சிங்கப்பூர்
15 ஜூலை 2024

ஜானு,

எழுத வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரையை நானும் சாப்பிடுகிறேன். நீ சாப்பிட்ட அதே இரண்டு வேளையும். இங்கிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம்தான். உன் மொட்டைத் தலையைப் பார்க்கத் தைரியமில்லை. அதனால்தான் பார்சல்.

கோபம் தீராவிட்டால் பதில் எழுத வேண்டாம்.

லக்ஷ்மிகாந்த்

ஸ்ரீரங்கம்
2 ஆகஸ்ட் 2024

அண்ணா,

ஈரல் கணக்கு இறங்கிவிட்டது. அதற்கு என்ன மருந்து கொடுத்தார்கள் தெரியுமா? ஒன்றுமே இல்லை. நிறுத்தினோம், காத்திருந்தோம். நான் ரசஞ்சாதம் தின்றேன், அழுதேன், தூங்கினேன். உள்ளே அது தன்னைத் தானே சரிசெய்துகொண்டிருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, விளம்பரம் போடவில்லை. வலப்பக்கம் விலாவுக்குக் கீழே அடிக்கடி கையை வைத்துக்கொள்கிறேன். முப்பத்தொரு வருஷமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம், ஒரு நாள்கூட இதை நான் விசாரித்ததில்லை.

கட்டி வளரவில்லை. வேணிக்கும் இறங்கிவிட்டது. நேற்று இருவருக்கும் மருந்து ஏறியது. "இனிமே பிரசாதம்னா புளியோதரையா குடுங்க, வேற எதையும் நான் நம்ப மாட்டேன்" என்றாள். நர்ஸே சிரித்துவிட்டாள்.

மிச்ச மாத்திரையைக் குப்பையில் போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. காவிரியில் விடட்டுமா என்றாள். மீனுக்கும் ஈரல் உண்டு என்றேன். பாட்டிலைத் திரும்பவும் பெருமாள் முன்னாலேயே வைத்துவிட்டாள். "அவரே வெச்சுக்கட்டும். அவருக்கு ஒண்ணும் ஆகாது."

உனக்கு ஆகும். முதலில் அதை நிறுத்து. ரத்தம் கொடுத்துப் பார், என்ன வந்தது என்று எனக்கு எழுது.

என் மொட்டை அவ்வளவு மோசமில்லை. ஒரு தரம் தொட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். அடுத்த மருந்து இருபத்திரண்டாம் தேதி. சிங்கப்பூரிலிருந்து ஒருவன் பை நிறையச் சாமான் இல்லாமல் வந்து இறங்கினால் நம் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும்.

வெறுங்கையோடு வா.

ஜானு