தேசிகன் ரத்தத்தையும் பார்க்கச் சொல்

மல்லேஸ்வரம், பெங்களூர் - 3
14.9.1997

அண்ணாவுக்கும் மன்னிக்கும் பாகீரதி அனேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை.

ஜாம்ஷெட்பூரிலிருந்து நீ அனுப்பிய நிச்சயதார்த்தப் பத்திரிகை நேற்று வந்தது. அம்ருதாவுக்கு வரன் தேசிகன் என்று படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் ருக்கு அக்கா பிள்ளைதானே, அவனுக்கு என்ன குறைச்சல் என்பாய். குறை அவனிடம் இல்லை, நம் வம்சத்தில் இருக்கிறது. கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி, அண்ணா.

என் பிரஹ்லாதுக்கும் உன் அம்ருதாவுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை என்று இவர் உன்னிடம் போனில் சொன்னது பச்சைப் பொய். பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தது. பிறந்த அன்றைக்கே என் நாட்டுப்பெண் என்று நான் தூக்கிக் கொஞ்சிய குழந்தை, அவளை வேண்டாம் என்பேனா? என் பிள்ளைக்குப் பெரிய இடமாகத் தேடுகிறேன் என்று மன்னி நினைத்திருப்பாள். எங்கள் ஸ்ரீவித்யாவுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் வீட்டு வியாதி வெளியே தெரியக் கூடாதென்று இவருக்குப் பயம். நானும் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

விஷயம் இதுதான். மே மாதம் எனக்கு மார்வலி வந்தபோது டாக்டர் பிரபா முதலில் பார்த்தது என் கண் இமையை. நம் வீட்டில் பாதிப் பேருக்கு இமையோரம் மஞ்சளாகத் தடித்திருக்குமே, கோயில் தாயார் இட்ட மஞ்சள் என்று அம்மா பூரித்துப்போவாளே, அது உடம்பில் மிஞ்சின கொழுப்பாம்! அம்ருதா அப்போது லீவுக்கு இங்கே இருந்தாள் அல்லவா, அவளுக்கும் பிரஹ்லாதுக்கும் சேர்த்தே ரத்தம் எடுத்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே கதை. அப்பாவும் ருக்கு அக்காவும் சின்ன வயதிலேயே மாரடைப்பில் போனதும் இதனால்தான் இருக்கும் என்கிறார் டாக்டர்.

செல்லின் மேல்தோலில் ஒரு புரதம் இருக்கிறதாம். ரத்தத்தில் வரும் கொழுப்பைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலியாக மேலே திரும்பி வந்து அடுத்ததைப் பிடிக்குமாம். நமக்கு அதில் பாதி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது, செல்லே அதை அழித்தும்விடுகிறது. எனக்குப் புரியவில்லை என்றேன். ஸ்டாப்புல ஆளை ஏத்தி மெஜஸ்டிக்ல இறக்கிட்டு பஸ் மறுபடி வாபஸ் வரணும்மா, பாதி பஸ் அங்கேயே நின்னுட்டா ஸ்டாப்புல கூட்டம் சேராம என்ன பண்ணும் என்று டாக்டர் கேட்டார்.

பாதி ஓடினால் மாத்திரையும் பத்தியமுமாகக் காலத்தைத் தள்ளிவிடலாமாம். ஆனால் அப்பா, அம்மா இரண்டு பேருக்குமே இந்தக் கோளாறு இருந்தால், பிறக்கும் குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கு இரண்டு பக்கத்துக் கோளாறும் சேர்ந்துவிடலாம். அதற்கு ஒன்றுகூட மேலே திரும்பாது. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே மாரடைப்பு வரலாமாம். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து வாங்கி நாமே தேடிக்கொள்ளப் பார்த்தோம்.

இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ தேசிகன் பக்கம் போயிருப்பாயா? அதே ரத்தம், அண்ணா! ருக்கு அக்கா இமையை நினைத்துப் பார். அவனுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். நிச்சயதார்த்தத்துக்கு முன் ஒரு ஊசி ரத்தம், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் என் பெயரைச் சொல். அம்ருதாவிடமும் மறைக்காதே. கொஞ்சம் கொழுப்பு அதிகம், நடந்தால் சரியாகிவிடும் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மாத்திரையை உடனே ஆரம்பிக்க வேண்டும். உன் வழியாகத்தான் அவளுக்கு வந்திருக்கும், நீயும் ரத்தம் பார்த்துக்கொள்.

பிரஹ்லாத் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். குழந்தையே வேண்டாம்மா, அவ போதும் எனக்கு, அவளையும் ஒரு வார்த்தை கேளேன் என்று கெஞ்சினான். வம்சம் என்னடா ஆறது, வாயை மூடு என்று கத்தினேன். அவளைக் கேட்கவே இல்லை. உனக்கும் சொல்லவில்லை. பத்திரிகையைப் பார்த்ததிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை.

தேசிகனுக்கு ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் கல்யாணத்தைத் தாராளமாக நடத்து. நீ கூப்பிட்டால் அத்தையாக வந்து நிற்பேன். அவனுக்கு எதுவும் இருக்கக் கூடாது என்று இன்று காலை பெருமாள் சந்நிதியில் வேண்டிக்கொண்டேன். பிரஹ்லாதும் கூட வந்து, பக்கத்தில் கண்ணை மூடி நின்றான். அவன் என்ன வேண்டிக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை.

அம்ருதா தீர்க்காயுசாக இருக்கட்டும்.

உன் தங்கை,
பாகீரதி