இடது கை

என் அன்புக்குரியவருக்கு,

நீங்கள் எழும்போது நான் பாலக்காடு பஸ்ஸில் இருப்பேன். தேர்வுப் பணி முடிந்து சனிக்கிழமைதான் வருவேன்.

மாதா கோயிலில் கழித்துப்போட்ட டிரான்ஸ்ஃபார்மரும் குமுளி ஆக்ரிக்கடையில் பழைய சாமானோடு வாங்கிய ரேடியோ வால்வுகளும் சேர்ந்து நம் மகன் ஜினோவின் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் ஆகும் என்று நான் நம்பவில்லை. நேற்று அது இரைச்சலோடு பாடிவிட்டது. அவன் கிறிஸ்துமசுக்கு வருவதற்குள் இரைச்சலைப் போக்க மறுபடி திறப்பீர்கள்.

இரண்டு கையும் உள்ளே பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியே போகும், அதனால் இடது கை எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்று சொன்னவர் நீங்கள். நேற்று அந்தக் கை வெளியே வந்து பற்றவைக்கும் கோல் பிடித்த வலது மணிக்கட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டது.

"கை எதுக்கு வெளிய வருது?" என்றேன்.

"குளுருதுல்ல, டீச்சரம்மா. பாடம் எடுக்காத."

குளிருக்கு யாரும் கையைப் பையிலிருந்து எடுப்பதில்லை.

ஓணத்திலிருந்து டீயை அரை கிளாஸ்தான் ஊற்றச் சொல்கிறீர்கள். நானும் ஒன்றும் கேட்காமல் ஊற்றுகிறேன்.

கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டேன். ஆம்ப்ளிஃபயரின் பவர் வயர் என்னிடம் இருக்கிறது. திட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொல்லச் சொல்ல நான் பற்றவைக்கிறேன்.

திங்கட்கிழமை கோட்டயத்தில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். கூட வந்தால் போதும்.

உங்களவள்