பேதுருவின் கொப்பியில் சிவப்பு மை

வில்லியே லே பெல், பாரிஸ்
3 மார்ச் 2025

அன்பு மகன் லோறன்சுக்கு,

உன் பெரியப்பா அருட்பிரகாசம் தன் சொந்தக் கையால் எழுதுவது. ஓம், சொந்தக் கையால்தான். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதியவை. இந்தக் கடிதத்துக்கு ஒன்பது நாள் பிடித்தது. பேனையை அழுத்திப் பிடிக்கிறேன், இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. பொறுத்துக்கொள். எனக்குச் சுகம். நீயும் பிள்ளைகளும் மாதாவின் காவலில் சுகமாய் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எழுபத்து நான்கு வயதில் பள்ளிக்கூடம் போகிறேன். சனிக்கிழமைகளில் மாதா கோயிலின் பின் அறையில் மரியகொறற்றி ரீச்சர் ஐந்து கிழவர்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறா. பாரிசில் ரூ காய் என்ற தெருவில் முப்பது வருடம் கோப்பை கழுவினேன் அல்லவா, அந்தச் சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகையைக் கார்த்திகையில்தான் வாசித்தேன். ஒருதரம் வாசித்துவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றும் வாசித்தேன். தனியே நின்று சிரித்தேன். பார்த்தவர்கள் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

தை மாதம் தில்லையம்பலத்தின் கடையில் இலவசத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று கிடந்தது. அதில் உன் படம். ‘அமெரிக்கச் சட்டசபையில் நம்மவர்: எதற்கு எப்படி வாக்களித்தார்?’ என்று தலைப்பு. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் உரத்து வாசித்தேன். ஒரு மணித்தியாலம் ஆனது. தில்லையம்பலம், “அண்ணை, செய்தி பழசாகப் போகுது, கெதியாய் வாசியுங்கோ” என்று பகிடி பண்ணினான்.

ஒன்பது வாக்குகள் போட்டிருந்தார்கள். பழமையைக் காக்கிற சங்கம் ஒன்று உனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு புள்ளி கொடுத்திருக்கிறதாம். வரியைக் குறைக்க ஆதரவு. பள்ளிக்கூடத்தில் செபம் சொல்ல ஆதரவு. கருவைக் கலைப்பதற்கு எதிர்ப்பு. இவற்றில் எனக்கும் உன் மனம்தான். அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று வாக்களித்தது பிடிக்கவில்லை. துப்பாக்கிக்குப் பயந்து ஓடித்தானே நான் இந்த ஊருக்கு வந்தேன்.

கடைசியாக இருந்தது அடி. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் பலகையால் அடிப்பதை நிறுத்தும் சட்டம். குழுவில் நீ அதை எதிர்த்து வாக்களித்து ஒரு பேச்சும் பேசியிருக்கிறாய். ‘என் பெரியப்பா எழுத்தறியாத மீனவர், அவருடைய திருக்கைவால் அடிதான் என் அப்பாவை எஞ்சினியர் ஆக்கியது’ என்று. தில்லையம்பலம் காசுப் பெட்டியை மூடிவிட்டுக் கை தட்டினான். “அடி உதவிற மாதிரி அண்ணன் தம்பி உதவான் எண்டு சும்மாவோ சொன்னவை!” என்றான். மகன், எனக்கும் பெருமையாய் இருந்தது. அந்தச் செய்தியை வெட்டிச் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

போன மாதம் ரீச்சருக்குப் பத்து வரி எழுதிக் கொடுத்தேன். கொப்பி திரும்பி வந்தபோது பக்கத்தின் அடியில் சிவப்பு மை. என் முதுகு தானாகக் கூசியது. பிறகு எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘மிக நன்று’ என்று இருந்தது. சிவப்பு மையால் அதையும் எழுதுவார்களா என்று ரீச்சரிடம் கேட்டேன். “அதைத்தான், ஐயா, நான் அதிகமாய் எழுதிறது” என்றா. அங்கேயே வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன்.

இனி எழுதுவதை உன் அப்பாவுக்காக வாசி.

எங்கள் ஊரான பாசையூரில் எங்களைப் பெற்ற அப்புவைக் கடல் கொண்டுபோனபோது எனக்கு ஒன்பது வயது. நான் படகில் ஏறினேன், என் தம்பி, உன் அப்பா பேதுரு பள்ளிக்கூடம் போனான். திருக்கை மீனின் வாலைக் காயவைத்தால் முள்ளாய் நிற்கும். ஒரு வீச்சில் தோல் உரியும். எங்கள் வீட்டுக் கூரையில் அது எப்போதும் செருகியிருக்கும். எனக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். நீலம் பேதுருவின் கை, சிவப்பு வாத்தியாரின் கை. வாத்தியார் எழுதியிருந்தால் இவன் பிழை விட்டிருக்கிறான். அதுதான் என் சட்டம். கடலால் வந்ததும் கொப்பியை விரிக்கச் சொல்வேன். எத்தனை சிவப்போ அத்தனை அடி.

அவனுக்குப் பத்து வயதில் ஒருநாள் பக்கம் முழுக்கச் சிவப்பு. வாலை எடுத்தேன். அவன் கொப்பியை என் முகத்துக்கு நேரே நீட்டி, “அண்ணை, இது பிழை இல்லை. கெட்டிக்காரன் எண்டு எழுதியிருக்கிறார். வாசிச்சுப் பாருங்கோ” என்றான். என்னிடம் வாசிக்கச் சொன்னான். பொய்யும் சொல்லிப் பகிடியும் பண்ணுகிறான் என்று எனக்குக் கண் இருண்டது. விளாசினேன். சட்டையோடு தோலும் கிழிந்தது, இரத்தம் கொப்பியில் தெறித்தது. அம்மா குறுக்கே விழுந்தா, அவவுக்கும் விழுந்தது. ஓடினவனை வாசல் படலையடியில் பிடித்து, வாலை எறிந்துவிட்டு, இந்த வலது கையால் அவன் இடது காதோடு அறைந்தேன். ஒருதரம் இல்லை. அவன் கத்துவதை நிறுத்தும்வரை அறைந்தேன். காதிலிருந்து இரத்தம் கழுத்தால் இறங்கியது. கொப்பியை மட்டும் அவன் விடவில்லை.

உன் அப்பாவின் காது காய்ச்சலால் போகவில்லை. காய்ச்சல் என்று உங்களுக்குச் சொன்னது அவன்தான். பாரிசுக்கு வந்தபோதும் கோப்பி குடிக்கப் போன கடையில் என்னைத் தன் வலப் பக்கத்துக்கு மாற்றி இருத்தினான். “இந்தப் பக்கம் இருங்கோ அண்ணை, வெயில் படாது” என்றான். கடைக்குள் வெயில் ஏது? அவன் சாகும்வரை நானும் வாய் திறக்கவில்லை.

மகன், நான் அடித்ததால் அவன் கெட்டிக்காரன் ஆகவில்லை. நான் அடிக்குமுன்பே வாத்தியார் அப்படி எழுதிவிட்டார்.

இந்த மாதம் 20ஆம் திகதி முழுச் சபையும் வாக்களிக்கப் போகிறது, இரண்டு மூன்று வாக்கு வித்தியாசத்தில்தான் நிற்கிறது என்று பிறகு வந்த பத்திரிகையில் இருந்தது. இந்தக் கடிதம் அதற்கு முன் உன் கையில் சேர வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றியிருக்கிறேன். உன் வாக்கு உன்னுடையது. ஆனால் என் பெயரைச் சொல்லிப் பேசினாய். அதே இடத்தில் எழுந்து நின்று, பேதுருவின் காதையும் சொல். சொன்ன பிறகு எப்படி வாக்களிக்க உனக்கு மனம் வருகிறதோ, அப்படிச் செய்.

இதற்குப் பிறகு நீ என்னைப் பெரியப்பா என்று கூப்பிடாமல் விடலாம். அது எனக்குத் தகும். ஆனாலும் ஒரு பதில் போடு. ரீச்சர் இந்தக் கடிதத்தைத் திருத்தித் தரட்டுமா என்று கேட்டா, வேண்டாம் என்றேன். பிழைகளை நீயே சிவப்பு மையால் எழுதி அனுப்பு. இப்போது என்னால் வாசிக்க முடியும்.

ஆண்டவர் உன் வாயிலும் உன் கையிலும் இருப்பாராக.

உன் பெரியப்பா
அருட்பிரகாசம்
(பெருவிரல் அடையாளம் இல்லை, கையெழுத்து)