பூமி உருண்டையில் கிரிக்கெட்

மார்ச் 3
உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு. நீண்டகாலம் எங்கள் மானத்தைக் காத்துவந்த குளியலறைத் தாழ்ப்பாள், இன்று காலை அப்பாவின் கையோடு வந்துவிட்டது. புதுசு வாங்கும்வரை உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அம்மாவின் அவசரச் சட்டம். அக்கா பாடமாட்டாளாம், நர்ஸிங் நுழைவுத் தேர்வுக்கு எலும்புகளின் பெயர்களை ஒப்பிக்கிறாள். பாவம், வேறு எங்கே படிப்பாள்? வீடு இரண்டே அறை. ஒன்று அம்மாவின் தையல் மெஷினுக்கு. கடகடகட. அதனால்தான் தினமும் சாயங்காலம் நூலகத்துக்கு ஓடுகிறாள்.

மார்ச் 5
கோபம். கோபம். அப்பா வாங்கும் பேப்பரில், ஏழாம் பக்கத்தில், 'கசப்பு மாத்திரை' என்ற தலைப்பில் ஒருவர் வாராவாரம் நாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறார். (எட்டாம் பக்கம் நீச்சல் உடை நடிகை. மாத்திரை விழுங்கத் தண்ணீர் வேண்டுமே.) இன்றைய மாத்திரை: எங்கள் நூலகத்தை மாலையில் திறந்து வைப்பது வீண், இளைஞர்கள் அங்கே வருவதே இல்லை. ஆதாரம்? செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஐயா நேரில் போய்ப் பார்த்தாராம். ஒரு இளைஞன்கூட இல்லையாம்.

ஐயா, அப்போ நாங்க ஸ்கூல்ல இருந்தோம்! மத்தியானம் வானத்தைப் பார்த்துட்டு நட்சத்திரமே கிடையாதுன்னு எழுதுவீங்களா?

இதே ஆள்தான் போன மாதம், 'இந்தத் தலைமுறை போனைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்காதா' என்று கண்ணீர் விட்டவர். எடுக்க வந்தால் கதவைச் சாத்தச் சொல்கிறார். கட்டுரைக்கு மேலே அவர் படம் — காதில் போன்.

அப்பாவிடம் புலம்பினேன். "விசாரிக்காமலா பேப்பர்ல போடுவாங்க?" என்றார். விசாரிக்கிறார்களா என்று நானே விசாரிக்கிறேன்.

மார்ச் 6
செய்துவிட்டேன். கட்டுரைக்கு அடியில் 'வாசகர் குரல்' என்று ஒரு போன் நம்பர். இருமிக்கொண்டே பேசினேன்: "தம்பி, நான் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். சாயங்காலம் அந்த நூலகத்துக்குள்ள பசங்க கிரிக்கெட் ஆடுறானுங்க. தடித்தடி அகராதிதான் ஸ்டம்ப். அட்லஸ்தான் பேட். பந்து என்ன தெரியுமா? பூமி உருண்டை!"

லைனில் சாட்சாத் மாத்திரையே. "அக்கிரமம்! சொல்லுங்க பெரியவரே, சொல்லுங்க" என்று உருகினார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அந்த நூலகத்தில் பூமி உருண்டையே கிடையாது. ஒரு போன் போட்டால் நூலகரே சொல்லிவிடுவார். போடட்டும், பார்ப்போம்.

மார்ச் 12
போட்டுவிட்டார்! போனை அல்ல, கட்டுரையை. 'பூமியையே அடிக்கும் தலைமுறை.' போன வாரம் நூலகத்துக்கு இளைஞர்களே வருவதில்லை. இந்த வாரம் டீம் கட்டி ஆடுகிறார்கள். வராவிட்டால் மூடு, வந்தாலும் மூடு. இதற்குப் பெயர் சிந்தனையாம்.

நான் ஒரு மேதை. ஏமாந்த கதையைப் போட்டி பேப்பரிடம் சொல்லி, மாத்திரையைக் கரைத்துக் குடிக்கப் போகிறேன்.

மார்ச் 16
நூலகக் கதவில் நகரசபை நோட்டீஸ். 'பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவதாக நாளிதழில் வெளியான தகவலை அடுத்து, மாலை நேர வாசிப்பு மறு அறிவிப்பு வரை நிறுத்தப்படுகிறது.'

அக்கா புத்தகப் பையோடு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அடப்பாவிங்களா. ஒருத்தர்கூடவா உள்ள வந்து பார்க்கலை?

மார்ச் 17
அக்காவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"அவரு யாரையும் கேட்காம எழுதினாரு. சரி. அந்த இடம் போச்சுன்னா எனக்கு என்ன ஆகும்னு நீ என்னைக் கேட்டியாடா?"

அவ்வளவுதான். அடித்தே இருக்கலாம்.

மார்ச் 18
சொந்தக் குரலில் மாத்திரைக்குப் போன். "சார், அந்த வாத்தியார் நான்தான். எல்லாம் கப்சா. நூலகத்தை மூடிட்டாங்க சார், ஒரு திருத்தம் போடுங்க."

"இதோ பாரு தம்பி, வயசான ஆசிரியர் பொய் சொல்லுவாரா? உங்க குட்டு வெளிப்பட்டதும் அவரையே பொய்யனாக்கப் பாக்குறீங்களா?"

நான் உண்டாக்கிய கிழவனிடம் நானே தோற்றேன்! வேறு வழியில்லாமல் இருமி, அதே குரலில் "சொல்றதைக் கேளு தம்பி" என்றேன்.  டக்கென்று லைன் கட்.

மார்ச் 19
இன்றைய மாத்திரை: 'பெரியவர் குரலில் ஏமாற்றும் பிஞ்சுகள்.' நூலகம் பற்றி ஒரு வரி இல்லை. விசாரிக்காமல் அச்சடித்தது பற்றி அரை வரி இல்லை. இளைஞர்கள் கெட்டுப்போனதற்கு இது புது ஆதாரமாம். இவருக்கு வெட்கம் என்ற உறுப்பு பிறவியிலேயே இல்லையா?

அப்பா இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயாடா?" தலையை ஆட்டினேன். பேப்பரை மடித்தார்.

மார்ச் 23
அப்பாவோடு நகரசபை அலுவலகத்துக்குப் போய், நடந்ததை என் பெயர் போட்டு எழுதிக் கொடுத்தேன். நூலகரும் வந்தார். "பூமி உருண்டை வாங்கிக் குடுங்கன்னு நான்தானே உங்ககிட்ட வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் வைப்பார்களாம். அது அக்காவின் தேர்வுக்கு அப்புறம்.

மார்ச் 26
அக்கா இப்போது மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறாள். அங்கே விளக்கு அடிக்கடி தானாக அணைந்துவிடும். பக்கத்தில் நின்று சுவிட்சைத் தட்டுவது என் வேலை.

நிற்கும்போது மாத்திரையின் பழைய கட்டுரைகளை எடுத்துப் படித்தேன், குற்றப்பட்டியல் தயாரிக்க. கோணல் கணக்கு இருக்கிறது. திமிர் இருக்கிறது. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காதது இருக்கிறது. ஆனால் — எழுதவே கூச்சமாக இருக்கிறது — அத்தனையிலும் சுத்தப் பொய் என்று ஒன்றே ஒன்றுதான் தேறியது. அது நான் கொடுத்தது.